சாப்பிட்டாச்சா?

கதவைத் திறந்தால் வாசலுக்கே வந்து என் தோளில் இரண்டு முன்னங்காலையும் போட்டு நிற்கிற துக்கடா, அன்று சமையலறை மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றிருந்தான். கழுத்தை நீட்டி வாந்தி எடுக்கப் பார்த்தான். எச்சில் நூலாக ஒழுகியதே தவிர ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் நடந்தான், நின்றான், மறுபடி அதே முயற்சி. குனிந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். விலா எலும்பு முடிகிற இடத்திலிருந்து உப்பி, இறுகிக் கிடந்தது. தோள்பையைக் கழற்றவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

துக்கடா என்பது பொருத்தம் பார்க்காமல் வைத்த பெயர். கிரேட் டேன் நாய்க்குட்டி. இன்னும் பால்குடி முகம், அதற்குள் சாப்பாட்டு மேசையில் என்ன இருக்கிறது என்பதை எக்காமலே பார்த்துவிடுகிற உயரம். என் கணவன் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போன இடத்தில் யாரோ வீடு காலி செய்கிறார்கள் என்று இவனைத் தூக்கிக்கொண்டு வந்தான். முதல் நாளே கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். இவன் மெதுவாகத்தான் வளரவேண்டும், கொழுகொழுவென்று வளர்த்தால் எலும்பு தாங்காது என்றார். பெரிய வகைக் குட்டிகளுக்கென்று இருக்கிற தீனியை அளந்து, மூன்று வேளையாகப் பிரித்துப் போடவேண்டும். அவசரமாக விழுங்காமலிருக்க அகலமான தட்டில் பரப்பிவைக்க வேண்டும். கால்சியம் மாத்திரை நாமாக வாங்கிக் கொடுக்கக்கூடாது. சாப்பிட்டதும் ஓட்டம் ஆட்டம் கிடையாது. என் கணவன் ஆசை ஆசையாகக் குழாய் வெட்டிப் பற்றவைத்து, தட்டுக்கு உயரமாக ஒரு ஸ்டாண்டு செய்திருந்தான். அதுவும் வேண்டாம் என்றுவிட்டார். இப்போது அதில் பூந்தொட்டி இருக்கிறது.

கடைசியாக அவர் சொன்னதுதான் என் மனதை விட்டுப் போகாமல் இருந்தது. இப்படி மார்பு ஆழமாக இருக்கிற நாய்களுக்கு வயிறு காற்றால் ஊதி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டாம். "வாந்தி எடுக்கப் பார்ப்பான், ஒண்ணும் வராது. அப்ப கை வைத்தியம் பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க. உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

தூக்குவதற்கு வீட்டில் மாமனார்தான் இருந்தார். பின்வாசலில் துக்கடாவின் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன ஆயிற்று என்று தெரியாமல் நின்றிருந்தார்.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்தில் தனியாக உட்கார்ந்து, கீழே நிற்கிறவனின் கையசைவைப் பார்த்தே காலத்தை ஓட்டியவருக்குப் பேச்சு அவ்வளவாக வராது. அதோடு, எங்கள் கல்யாணமும் அவருக்குப் பிடிக்கவில்லை. சண்டை போடுகிற ஆளில்லை. வந்த நாளிலிருந்து என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்தார், அவ்வளவுதான். 'நீ' என்றால் உறவாகிவிடும், 'நீங்க' என்றால் விருந்தாளியாகிவிடும். அதனால் "கிளம்பியாச்சா?", "சாவி எடுத்தாச்சா?", "விளக்கு அணைச்சாச்சா?" என்று ஆளே இல்லாமல் கேட்பார். நம் மொழியில் இந்த ஒரு வசதி மட்டும் இல்லாதிருந்தால் மனிதர் திண்டாடிப்போயிருப்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் மகனுக்கும் அதே பேச்சு ஒட்டிக்கொண்டது. நாயிடம் மட்டும் அவர் கையால் பேசினார். உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினால் துக்கடா எங்கிருந்தாலும் அப்படியே நிற்பான்.

வண்டியை நான் ஓட்டினேன். பின்சீட்டில் துக்கடாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். சிக்னலில் நின்றபோதெல்லாம் அந்த வெறும் ஓங்கரிப்புச் சத்தம் கேட்டது. அவன் செத்துப்போய்விடுவான் என்றே நினைத்தேன்.

மருத்துவமனையில் அவனை எக்ஸ்ரே அறைக்குள் கொண்டுபோகும்போதே, கிரீஸ் படிந்த சீருடையோடு என் கணவனும் தகவல் கேட்டு ஓடிவந்து சேர்ந்தான். என்ன சாப்பிட்டான், எவ்வளவு என்று டாக்டரம்மா கேட்டார்.

"மதியம் ஒரு வேளை போட்டுட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்பினேன்" என்றான் அவன்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் ஒரு கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறேன். மதிய இடைவேளையில் அவனைப் போனில் அழைத்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். "எங்க, இன்னும் இல்ல" என்றான். உடனே மாமாவைக் கூப்பிட்டு, துக்கடா இன்னும் சாப்பிடவில்லையாம், போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன்.

"இன்னும் இல்லன்னு சொன்னியே" என்றேன்.

"அது எனக்கு. லிஃப்டுக்கு மேல உக்காந்திருந்தேன், பசியில உயிர் போச்சு. என்னைத்தான் கேக்குறேன்னு நினைச்சேன்."

அவனை யார் கேட்டது? நாய் வந்த பிறகு அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் நாய்க்கு மட்டும்தான் என்பது அவனுக்குத் தெரியாமல் போனது. அவனைப் பார்த்துக் கோபப்படுவதா பரிதாபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா சுவரோரமாக நின்றிருந்தார். மதியம் அவர் முடிவெட்டிக்கொள்ளப் போய்விட்டு வந்ததால், மகன் தீனி போட்டது அவருக்குத் தெரியாது. யாரும் கேட்காமலே சொன்னார்: "நேரம் தப்பிடுச்சே, பாவம்னு ஒரு கை கூடப் போட்டேன். அப்புறம் பந்து வேற போட்டு விளையாடினேன்." அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எக்ஸ்ரே அறையின் கதவு திறக்கிறவரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"முறுக்கல" என்றார் டாக்டரம்மா. "வயிறு இருக்கவேண்டிய இடத்துலதான் இருக்கு. உள்ள சாப்பாடுதான் ஊறி, ரொம்பிக் கிடக்கு."

நான் அழுதேன். பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்தவர் பார்க்கிறாரே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன். பயம் போனபிறகு வருகிற அழுகைக்கு அணையே கிடையாது. என் கணவன் கிரீஸ் கையாலேயே என் முதுகைத் தட்டிக்கொடுத்து, என் சட்டையையும் பாழாக்கினான்.

துக்கடாவுக்கு ஊசி வழியாக மருந்து ஏற்றி, அங்கேயே வைத்துக் கவனித்தார்கள். பிறகு தாழ்வாரத்தில் மெல்ல நடத்தினார்கள். இருட்டுவதற்குள் துக்கடா ஒரு ஏப்பம் விட்டான். அப்படி ஒரு ஏப்பத்தைக் கல்யாணப் பந்தியில்கூட நான் கேட்டதில்லை. கூடத்திலிருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்க, டாக்டரம்மா முதல் முறையாகச் சிரித்தார். வீட்டுக்கு அனுப்பும்போது எங்கள் மூன்று பேரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "இனிமே உங்க வீட்டுல மொட்டையா 'சாப்பிட்டாச்சு'ன்னு யாரும் சொல்லக்கூடாது. யாரு சாப்பிட்டாங்கன்னு பேரோட சொல்லணும்." மாமாவையும் பார்த்துத்தான் சொன்னார். அவர் பள்ளிக்கூடப் பையன்போல் தலையாட்டினார்.

மறுநாள் எங்களுக்கு விடுமுறை. துக்கடாவின் வயிறு வற்றியிருந்தது. டாக்டரம்மா சொன்னபடி கொஞ்சமாக ஊறவைத்த தீனியை மாமாவே தட்டில் பரப்பிவைத்தார். நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். அவன் நக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். எழுந்துவந்து, உள்ளே தூங்குகிற மகனுக்கும் கேட்கும்படி அறிவித்தார்: "துக்கடா சாப்பிட்டான்."

"சரிங்க மாமா" என்றேன்.

அவர் போகவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார். வழக்கமான அந்தச் சொல்லுக்கு இனி இந்த வீட்டில் இடமில்லை. வேறு வழியும் அவருக்கு இல்லை.

"நீ சாப்பிட்டியாம்மா?"

கரண்டி என் கையில் அப்படியே நின்றது.

"நான் இன்னும் சாப்பிடல மாமா."

அவர் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். அந்தச் சத்தத்துக்குக் கூடத்தில் படுத்திருந்த துக்கடா படக்கென்று தலையைத் தூக்கினான். மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். அவன் ஒரு பெருமூச்சோடு தலையை மறுபடி தரையில் வைத்தான். மாமா ஒரு கையில் என் தட்டோடு, மறு கையைக் கீழே இறக்க மறந்து நின்றிருந்தார்.