கண் பட்டு ஓடிய கார்

செல்லப்பாவின் அமெரிக்கக் காரில் இடப்பக்கம் இருந்த ஸ்டியரிங் ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் வலப்பக்கத்துக்கு மாறியது. யாரும் அதைக் கழற்றவில்லை, யாரும் மாட்டவுமில்லை. அன்று கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவுக்கு ரொட்டி கொண்டுவரும் பாண் வேன் வரத் தாமதமாகிவிட்டது. ஊர் முதலில் பேசியது அதைத்தான், ஸ்டியரிங் பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தக் கார் அதற்குள் எத்தனையோ செய்து காட்டிவிட்டதால், இன்னும் ஒன்று என்று விட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு அழகர் மட்டும் பல் விளக்கிய பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு கேற்றடியில் நின்றார். ஸ்டியரிங்கை நகர்த்தியது யாரென்று அவருக்குத் தெரியும். அவரேதான்.

அழகரும் செல்லப்பாவும் சகலைகள். அழகர் மூத்தவள் பரிமளத்தைக் கட்டினார், செல்லப்பா இளையவள் இராஜேஸ்வரியை. அழகருக்குக் கண்டி டவுனில் புடவைக் கடை, செல்லப்பாவுக்குப் பிலிமத்தலாவையில் பித்தளை விளக்குக் கடை. சாப்பாட்டுக்கு இருவருக்கும் குறைவில்லை. ஆனால் அழகரிடம் சாம்பல் நிற மொரிஸ் மைனர் ஒன்று இருந்தது, குடும்பத்தில் வேறு யாரிடமும் கார் இல்லை. சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் அவள் அந்த மொரிஸின் பின்சீற்றில்தான் கோயிலுக்குப் போவாள். விளக்கேற்றுவதற்கு முன்னால் மாமனார், "பெரிய மாப்பிள்ளை கார் வந்திருச்சா?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து குரல் கொடுப்பார். அழகர் கேட்காதவர் மாதிரி வேட்டியைச் சரிசெய்துகொள்வார். அந்த ஒரு கேள்விக்காகவே அவர் அந்தக் காரை இத்தனை வருஷம் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டுச் சாமான்களுக்கு நாடு கதவைத் திறந்துவிட்டுச் சில வருஷங்கள் போனபின், செல்லப்பாவுக்கு அந்த ஆசை பிடித்தது. ஐம்பத்தொன்பதாம் வருஷத்து இம்பாலாக் கார் ஒன்றை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து, பழையபடி ஆக்கி ஓட்ட வேண்டும். புதுக்கார் வாங்குகிறவன் காசைக் காட்டுகிறான், பழைய காரை எழுப்புகிறவன் தன்னைக் காட்டுகிறான் என்று பேசித் திரிந்தார். துறைமுகத்திலிருந்து லொறியில் வந்து இறங்கியதைக் கார் என்று சொல்ல நல்ல மனசு வேண்டும். கண்ணாடி இல்லை, தரை துருப்பிடித்துப் பொத்தல், பின்சீற்றுக்குள் அந்த நாட்டுப் பறவை ஏதோ கட்டிய கூடு. அழகர் சுற்றிவந்து பார்த்தார். "நல்ல சாமான் சகலை, கோழி வளர்க்கலாம்" என்றார். அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். கை கழுவப் போகும்போது ஜன்னல் வழியே அதன் பின்பக்கம் தெரிந்தது. இரண்டு பக்கமும் சிறகு விரித்த மாதிரித் தகடு, நடுவில் ஒரு கம்பீரம். சாப்பிட்டது செரிக்கவில்லை. அழகருக்கு வந்தது பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

ஊர்க்கண் பொல்லாதது என்று இராஜேஸ்வரி முதல் நாளே கொட்டகையில் திருஷ்டிப் பூசணி கட்டினாள். எலுமிச்சையும் மிளகாயும் கோர்த்து பம்பரில் தொங்கவிட்டாள். அலவத்துகொடையிலிருந்து வந்த கார் மெக்கானிக் ஷிராஸ் பாஸ் ராப்பகலாய்த் தகடு ஒட்டினான். இன்றைக்கு ஒட்டியது நாளைக்கு விழுந்தது. மாதங்கள் போயின. ஒருநாள் குரங்குக் கூட்டம் வந்து எலுமிச்சையைப் பறித்துக்கொண்டு பூசணியையும் கீழே தள்ளி உடைத்துவிட்டுப் போனது. அன்று பின்னேரம் அழகர் மதிலில் கையூன்றி, ஆற அமர அந்தக் காரைப் பார்த்து வயிறெரிந்தார். மறுநாள் காலையில் முன் பம்பர் முகம் பார்க்கிற அளவுக்கு மினுங்கியது. "வல்லாஹி, நான் கைய வெக்கல்ல மொதலாளி. வந்து பாத்தா இப்புடி ஈக்குது" என்று சத்தியம் செய்தான் ஷிராஸ். இராஜேஸ்வரி பதறிப்போய்ப் புது எலுமிச்சை கட்டினாள். மத்தியானத்துக்குள் பம்பர் மங்கிவிட்டது. அவிழ்த்தாள், அழகர் அத்தான் கடைக்குப் போகிற வழியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார், திரும்பவும் மினுங்கியது. கண் பட்டால் கெட்டுப்போகும் என்றுதான் அவள் அதுவரை நம்பியிருந்தாள். திருஷ்டிச் சாமான் எல்லாவற்றையும் குப்பையில் போட்டாள், கொட்டகைக்கு எதிரே, காரைப் பார்த்து உட்கார ஒரு பிரம்புக் கதிரையைக் கொண்டுவந்து வைத்தாள். "அத்தான், ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று தினமும் கூப்பிட ஆரம்பித்தாள்.

தன் வயிற்றெரிச்சல்தான் அங்கே தகடாகவும் பெயின்றாகவும் ஆகிறது என்று அழகருக்குப் புரிந்தபோது, முன்கண்ணாடி பாதி வளர்ந்திருந்தது. அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். அந்தப் பக்கத்து ஜன்னல்களை அடைத்தார், கடைக்குச் சுற்றுவழியில் போனார், கோயிலில் நேர்த்தி வைத்தார். படுக்கையில் கண்ணை மூடினால் அந்தச் சிறகுத் தகடுதான் தெரிந்தது, விடிந்தால் ஒரு கதவு முளைத்திருந்தது. ஷிராஸ் சுத்தியலும் ஸ்பானரும் வைத்த ஆயுதப் பெட்டியைக் கொண்டுவருவதையே விட்டுவிட்டான். தேத்தண்ணிக்கு மட்டும் வந்து, "இன்டைக்கு எதிர்வீட்டு மொதலாளி பின்கதவ முடிச்சிட்டார்" என்று சொல்லிவிட்டுப் போவான். அழகர் இளைத்தார், கார் மினுங்கியது. கடைசியில் இரண்டு குறைதான் மிச்சம். எஞ்சின் உயிர் பிடிக்கவில்லை, ஸ்டியரிங் அமெரிக்காக்காரன் வைத்த இடத்திலேயே இருந்தது. அந்த மட்டுக்காவது தன் மானம் தப்பியதென்று அழகர் நினைத்திருந்தார். அப்போதுதான் அவருடைய ஒரே மகள் யோகராணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. திங்கட்கிழமை ராச்சாப்பாட்டில் அவள், "அப்பா, கோயிலுக்கு நான் சித்தப்பா கார்லதான் போவேன்" என்றாள். அழகர், "சரிம்மா" என்றார். செவ்வாய் விடியலில் ஸ்டியரிங் வலப்பக்கம் வந்திருந்தது. எஞ்சின் தானாகவே உறுமிக்கொண்டு நின்றது.

கல்யாணத்தன்று செல்லப்பா இம்பாலாவை ஓட்டினார், பின்சீற்றில் யோகராணி. அதற்குப் பின்னால் மொரிஸில் அழகரும் பரிமளமும். வழிநெடுக ஆட்கள் நின்று பார்த்தார்கள். அத்தனை பேரும் பார்த்தது முன்னால் போன காரைத்தான். அழகருக்கு உள்ளே அடுப்பு மாதிரி எரிந்தது, இம்பாலா வழுக்கிக்கொண்டு போனது. வாவிக்கரைக்கு வந்ததும் யோகராணி திரும்பி, பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். நெற்றிச்சுட்டி கோணலாகிவிட்டது. சின்ன வயசில் மொரிஸின் பின்கண்ணாடியில் அப்படித்தான் மூக்கை நசுக்கிக்கொண்டு வருவாள். இவ்வளவு சந்தோஷமாய் அவளை அழகர் பார்த்ததே இல்லை. அவருக்கு உள்ளே எரிந்ததெல்லாம் குளிர்ந்துபோயிற்று. அந்த இடத்திலேயே இம்பாலா நின்றது. வால் தகட்டில் துரு படர ஆரம்பித்தது, டிக்கியில் பெயின்ற் கொப்பளித்தது.

செல்லப்பா இறங்கி, வியர்க்க விறுவிறுக்க மொரிஸுக்கு ஓடிவந்தார். "அண்ணே, முகூர்த்தம் போகுது. கொஞ்சம் எரிச்சல்படுங்கண்ணே."

புருஷனும் பெண்சாதியும் தெரிந்துதான் இத்தனை நாளும் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள். அழகருக்கு அதற்குக்கூடக் கோபம் வரவில்லை. "வரமாட்டேங்குதே சகலை. நானும் பார்க்கிறேன்."

"அப்ப பிள்ளைய உங்க கார்ல ஏத்துங்க. நான் தோத்துட்டேன், போதுமா?"

இந்த வார்த்தைக்குத்தான் அழகர் இத்தனை காலம் காத்திருந்தார். இறங்கி மொரிஸின் பின்கதவைத் திறந்தும்விட்டார். யோகராணி எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கத் தயாரானாள், கண் மட்டும் நிறைந்திருந்தது. அழகர் அதைப் பார்த்தார். மொரிஸின் கதவை மெல்லச் சாத்தினார். "நீ இரும்மா, அந்தக் கார் ஓடும்" என்றார். திரும்பவும் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சிறகுத் தகட்டையே முறைத்தார். மாமனாரை நினைத்தார், செல்லப்பாவின் கடையை நினைத்தார். ஒன்றும் பற்றவில்லை. துரு பின்கண்ணாடி வரைக்கும் ஏறிவிட்டது.

பக்கத்தில் பரிமளம் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை, முன்னால் நின்ற காரையே நேரே பார்த்துக்கொண்டு, "என் தங்கச்சி குடுத்து வச்சவ" என்றாள்.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இம்பாலா வாவியில் நின்ற கொக்கெல்லாம் பறக்கும்படி உறுமியது. துரு உதிர்ந்தது, ஹோர்ன் தானாக அடித்தது. யோகராணி முகூர்த்தத்துக்கு முன்னாலேயே கோயில் வாசலில் இறங்கினாள்.

அதற்குப் பிறகு கண்டியில் அந்த இரண்டு கார்களும் சேர்ந்துதான் போகின்றன. கல்யாண வீட்டார் இம்பாலாவைக் கேட்டு வந்தால் மொரிஸுக்கும் சேர்த்தே சாப்பாடு சொல்லிவிடுகிறார்கள். சந்தியில் பொலிஸ்காரர் முன்கார் போனபின் பின்காருக்காகக் கையை இறக்காமல் நிற்கிறார். எந்த ஏற்றத்திலாவது இம்பாலா மூச்சு வாங்கினால் பரிமளம் அதே நாலு சொல்லை அதே குரலில் சொல்வாள், அது ஏறிவிடும். காருக்காகச் சொல்கிறாளா, மனசுக்குள் இருப்பதைச் சொல்கிறாளா என்று அழகர் இன்றுவரை அவளிடம் கேட்டதில்லை. கேட்டு, காருக்காகத்தான் என்று அவள் சொல்லிவிட்டால் கார் நின்றுவிடும். அப்புறம் கல்யாணப் பிள்ளைகள் எப்படிக் கோயிலுக்குப் போவார்கள்?