நோரால்பாவுக்கு என்ன பிடிக்கும்

மனைவிக்கு என்ன பிடிக்கும் என்று ஊர் முழுக்க விசாரித்துத் திரிந்த ஆள் பொகோட்டாவில் அனிபால் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவளிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். முதலில் கேட்டதே அவளிடம்தான்.

"லீவுக்கு எங்க போலாம் நோரா?"

நோரால்பா முழங்கை வரை மாவில் இருந்தாள். "எங்கன்னாலும் சரி."

"கடலா, காடா?"

"உனக்கு எது தோதோ அது."

"எனக்காகக் கேக்கல. உனக்கு எது பிடிக்கும்?"

"அந்தத் தட்ட வெளிய எடு, கருகுது."

அத்தோடு பேச்சு முடிந்தது.

ஃபோன்திபோன் பகுதியில் அவர்களுடைய பேக்கரி, கிறிஸ்துமஸ் அன்றுகூடப் பூட்டாத கடை. விடியும் முன்பே எழுந்து அடுப்பு மூட்டுவது நோரால்பா. விற்பதும் வாடிக்கையாளர்களோடு வம்பளப்பதும் அனிபால். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அந்த வருஷம் நோரால்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லிவிட்டார். கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருக்கும் மகள் யெசேனியா, "கடைய நானும் அவரும் பாத்துக்கறோம். நீங்க ஒரு வாரம் எங்கயாச்சும் வெயில்ல போய்க் கெடங்க, குளிரு போதும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அனிபாலின் பழைய சிநேகிதர் எவெலியோவும் அவர் மனைவி ஒமைராவும் தாங்களும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். எங்கே போவது என்பது மட்டும்தான் பாக்கி.

அனிபால் ஒமைராவைத் தனியாகப் பிடித்துக் கேட்டார். நோரால்பாவின் ரகசியமெல்லாம் ஒமைராவுக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம்.

"அவளுக்கு வேண்டியது தூக்கம்" என்றாள் ஒமைரா. "ரெண்டு தென்னைக்கு நடுவுல ஒரு தூளி கட்டிப் போட்டு, கையில இளநியக் குடுத்துட்டு நீங்க நகந்துடுங்க. அது போதும்."

சரி என்று மனதில் கடற்கரையை முடிவு செய்துகொண்டு, அன்று மாலையே எவெலியோவிடம் சொன்னார். எவெலியோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"தூளியா? போன பண்டிகைல என்கிட்ட என்ன கேட்டா தெரியுமாடா? மலை உச்சியிலேருந்து குடையக் கட்டிக்கிட்டு குதிக்கறாங்களே, அது எப்படி இருக்கும், வயித்தக் கலக்குமான்னு கேட்டா."

"நோராவா?"

"நோராவேதான். ரெண்டு கிளாஸ் உள்ள போயிருந்துச்சு. ஆனா நோராதான்."

மகளிடம் போனார். "அம்மாவுக்கு எங்க போனாலும் பிடிக்காதுப்பா" என்றாள் அவள். "ரெண்டாம் நாளே ஈஸ்ட் வந்துச்சா, அடுப்பு சரியா எரியுதான்னு போன் வரும் பாரு."

ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் கால் நூற்றாண்டாகத் தன்னோடு இருக்கும் பெண்ணைப் பற்றித்தான் இவ்வளவும் பேசுகிறார்களா என்று அனிபாலுக்குச் சந்தேகமாகிவிட்டது. தூங்க ஆசைப்படுகிறவளும் மலையிலிருந்து குதிக்க ஆசைப்படுகிறவளும் கடையை விட்டு நகர மாட்டாதவளும் எப்படி ஒருத்தியாக இருக்க முடியும்?

நால்வரும் ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "உங்களுக்கு நிம்மதியா இருக்கற இடம் வேணுமா, சாகசமா இருக்கற இடம் வேணுமா?" என்று கேட்டாள்.

"நிம்மதி" என்றார் அனிபால். "சாகசம்" என்றார் எவெலியோ. இரண்டு குரலும் ஒன்றாக வந்ததில் அந்தப் பெண்ணுக்கு எதுவும் விளங்கவில்லை.

"ரெண்டும்தான்" என்றாள் ஒமைரா. "ஆனா குழாயத் திறந்தா சுடுதண்ணி வரணும்."

"உங்க வயசுல வர்றவங்க எல்லாருமே ரெண்டும் வேணும்னுதான் கேக்கறாங்க" என்று அலுத்துக்கொண்டாள் அந்தப் பெண். சான் ஆந்த்ரெஸ் தீவைச் சொன்னாள். கொட்டாவி விட்டே செத்துப்போவோம் என்றார் எவெலியோ. அமேசானைச் சொன்னாள், கொசு என்றாள் ஒமைரா. கடைசியில் காப்புர்கானாவைச் சொன்னாள். "ரோடே கெடையாது. படகுலதான் போகணும். முன்னாடி கடல், முதுகுப் பக்கம் காடு."

ரோடு இல்லையென்றால் வண்டிச் சத்தம் இல்லை என்று அனிபாலுக்குக் கேட்டது. எவெலியோவுக்குக் காடு என்ற சொல் மட்டும் கேட்டது. ஒமைரா எதையுமே கேட்கவில்லை. சுவரில் வேறேதோ ஓட்டலின் நீச்சல் குளப் படத்தைப் பார்த்து, அதுதான் இது என்று நினைத்துக்கொண்டாள். நோரால்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"படகு பெருசா?"

"ரொம்பப் பெருசில்ல. ஆனா வேகமாப் போகும்."

"அப்ப சரி" என்றாள் நோரால்பா.

அந்த 'அப்ப சரி'யின் அர்த்தம் என்ன என்று அனிபால் பல நாள் யோசித்தார். பயத்தில் சொன்னாளா? ஆசையில் சொன்னாளா? இல்லை, சீக்கிரம் கடைக்குத் திரும்ப வேண்டும் என்று சொன்னாளா?

நெக்கோக்லி என்ற கடலோர ஊரில் படகு ஏறிய காலையில் காற்று பலமாக இருந்தது. மூட்டை முடிச்சை எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தால் முதுகெலும்பு நொறுங்கும் என்று படகுக்காரர் எச்சரித்தார். எவெலியோ மார்பைத் தட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். பக்கத்தில் இடம் காலியாக இருக்கவே நோரால்பா அங்கே போய் உட்கார்ந்தாள். அனிபால் கூப்பிடக் கூப்பிட அவள் திரும்பவில்லை.

கரையை விட்டதும் படகு அலைமேல் ஏறி, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, தண்ணீரில் பொத்தென்று விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. ஒமைரா கன்னி மாதாவில் தொடங்கித் தெரிந்த புனிதர்களை எல்லாம் கூப்பிட்டாள். அனிபால் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்போது யாரோ சிரிப்பது கேட்டது. தொண்டையிலிருந்து அல்ல, அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மூச்சு வாங்கி மறுபடி கிளம்பும் சிரிப்பு. யாரடா இந்தப் பைத்தியம் என்று கண்ணைத் திறந்தார். தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்து, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, அவர் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ முறை அவள் சிரித்துக் கேட்டிருக்கிறார். இந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

ஆக, இவளுக்கு வேண்டியது இதுதான் என்று ஒருவழியாகத் தெளிந்தார். அந்தத் தெளிவு மறுநாள் காலை வரை தாங்கியது.

விடுதிக்காரி ஃபிதெலினா, அவர்கள் வயதையொத்த, வாய் ஓயாத பெண்மணி. அவளுடைய மர வீட்டுக்கு முன்னால் கடல், பின்னால் மலை. சுடுதண்ணீர் என்று ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்தப் புழுக்கத்தில் அதை யாரும் தேடவில்லை. நீச்சல் குளத்தைப் பற்றி ஒமைரா ஒரு தரம் விசாரித்துவிட்டு, கடலைப் பார்த்து, அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். சாகசத்துக்குக் குதித்த எவெலியோவோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூளியில் விழுந்தவர், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நோரால்பாவைக் காணவில்லை.

அனிபால் அவளைச் சமையலறையில் கண்டுபிடித்தார். முழங்கை வரை மாவு.

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? அங்க பிசைஞ்ச மாவ இங்க வந்து பிசையவா?"

"தேங்காப் பால் ஊத்தி ரொட்டி சுடறாங்க இங்க. நான் சுட்டதே இல்ல."

"டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னாரா இல்லையா?"

"சொன்னார். எப்படி எடுக்கறதுன்னு சொன்னாரா?"

"தூளியில படுக்கறது! இது ஒரு கேள்வியா?"

"விடுங்க ஐயா, உங்க ராணி கை பட்டா மாவு சொன்னபடி கேக்குது" என்று குறுக்கே வந்தாள் ஃபிதெலினா. "பிடிச்சதச் செய்யட்டும்."

"பிடிச்சது என்னன்னுதாம்மா தெரியல!" என்று அனிபால் கத்திவிட்டார். "நான் எத்தன பேர்கிட்ட கேட்டேன் தெரியுமா நோரா?"

"தெரியும். எல்லாரும் என்கிட்ட வந்து சொன்னாங்க." நோரால்பா கையிலிருந்த மாவை உருட்டி எடுத்தாள். "எனக்கே தெரியாதது அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சாக்கும்."

கோபத்தில் சொல்கிறாளா என்று பார்த்தார். கோபம் இல்லை. முகத்தில் ஒருவிதத் திகைப்புதான் இருந்தது.

"காலைல படுத்துப் பாத்தேன் அனிபால். ஆகாசத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தா, எதையோ மறந்துட்டு வந்துட்ட மாதிரி நெஞ்சு அடிச்சுக்குது. பயமா இருக்கு."

"நேத்து படகுல?"

"படகுல பயமே இல்ல."

"எல்லாருக்கும் உயிர் போச்சு அதுல!"

"அதான் எனக்கும் புரியல" என்றாள். பிறகு கையைக் கழுவி, ஃபிதெலினாவின் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "வா, எங்கயாச்சும் நடப்போம்."

மலையைத் தாண்டினால் சப்சூரோ என்ற ஊர். அதற்கு அந்தப் பக்கம் பனாமா தேசம். பாதை நேரானது, குழந்தைகூடப் போகும் என்று ஃபிதெலினா சொல்லியிருந்தாள். சேற்றில் வழுக்கி, வேரைப் பிடித்து ஏறினார்கள். மரத்தின் மேலிருந்து ஒரு உறுமல் வந்தபோது அனிபால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "குரங்குப்பா" என்றாள் அவள். கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"எந்தப் பக்கம்?"

"நீ சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

இப்படியே இருவரும் நின்றுகொண்டிருக்க, மழை பிடித்துக்கொண்டது. வலது பக்க மரங்கள் அடர்த்தியாக இருந்ததால் மழைக்கு ஒதுங்க அந்தப் பக்கம் ஓடினார்கள். ஓடியதே பாதையாகிவிட்டது. வெகுநேரம் நடந்தார்கள். ஏறினார்கள், இறங்கினார்கள், ஒரு ஓடையை இரண்டு முறை கடந்தார்கள். அது ஒரே ஓடையா, வேறு வேறு ஓடையா என்று அனிபாலுக்குத் தெரியவில்லை. திடீரென்று மரங்கள் விலகி, சின்னதாக ஒரு கடற்கரை தெரிந்தது. ஓலைக் கொட்டகை, கவிழ்த்த படகு, காயப்போட்ட வலை. ஆள் இல்லை.

கொட்டகைப் பலகையில் உட்கார்ந்தார்கள். கூரையில் மழை கொட்டியது. எல்லையைத் தாண்டிவிட்டோமோ, கையில் ஒரு காகிதம்கூட இல்லையே என்று அனிபால் புலம்பத் தொடங்கினார். பார்த்தால், நோரால்பா அவர் மடியில் தலை வைத்து ஈரத் துணியோடு தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டைகூட வந்தது.

பகலில் அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. இரவிலும் அவள் தூங்குவதைப் பார்க்கும் முன் அவர் தூங்கிவிடுவார். அவர் விழிக்கும்போது அவள் அடுப்படியில் இருப்பாள். இந்த முகத்தை இப்போதுதான் ஆற அமரப் பார்க்கிறார். இடது புருவத்தில் ஒரு நரை. அது எப்போது வந்தது? தூளியில் பயந்தவள், வழி தவறி, மழையில், எந்த நாடு என்றே தெரியாத இடத்தில் இப்படித் தூங்குவானேன்? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சியது. கால் மரத்துப்போனது. அவர் அசையவில்லை.

மழை விடும் நேரத்தில் மீன்காரர் ஒருவர் துடுப்போடு வந்து நின்றார்.

"இது பனாமாவா?" என்று கிசுகிசுத்தார் அனிபால்.

"என்னது?"

"மெதுவா, தூங்கறா. இது பனாமாவா, கொலம்பியாவா?"

மீன்காரர் போட்ட சிரிப்பில் நோரால்பா எழுந்துவிட்டாள். "பனாமாவா? ஐயா, அந்தப் பாறையச் சுத்துனா காப்புர்கானா. ஃபிதெலினா வீட்டுச் சேவல் கூவுனா எனக்கு இங்க கேக்கும். எங்கேருந்து வர்றீங்க?"

"ஃபிதெலினா வீட்டுலேருந்துதான்" என்றார் அனிபால்.

நோரால்பா அவரைப் பார்த்தாள். "அவ்ளோ நேரம் நடந்து, இங்கதானா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அனிபாலுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மரத்த காலை ஊன்ற முடியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்று சிரித்தார்.

விடுதியில் ஒமைரா வாசலிலேயே காத்திருந்தாள். "எங்கடி போய்த் தொலைஞ்சீங்க? எப்படி இருந்துச்சு?"

"செத்துப் பொழைச்சோம்" என்றார் அனிபால்.

"நல்லாத் தூங்கினேன்" என்றாள் நோரால்பா.

"தூளி கட்டிக் குடுத்தா மாவு பிசையறா. காட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வர்றா" என்று தூளியில் கிடந்த எவெலியோவிடம் போய் முறையிட்டாள் ஒமைரா. "இவள எந்தக் கணக்குல சேக்கறது?"

நோரால்பா பொரித்த மீன் இரண்டைத் தேங்காய்ச் சோற்றோடு தின்று முடித்துவிட்டு, நாளைக்கு எங்கேயும் போகப் போவதில்லை, யாரும் தன்னை எழுப்பக் கூடாது என்று அறிவித்தாள்.

மறுநாள் அனிபால் விழித்தபோது பக்கத்தில் அவள் இல்லை. சமையலறையிலும் இல்லை. கடற்கரைக்கு ஓடினார். இடுப்பளவுத் தண்ணீரில் ஃபிதெலினா நின்றிருந்தாள். அவள் கைகளின் மேல் நோரால்பா மல்லாந்து கிடந்தாள். கண் வானத்தைப் பார்த்தபடி திறந்திருந்தது. ஃபிதெலினா மெதுவாகக் கைகளை எடுத்தாள். நோரால்பா ஒரு கணம் மிதந்து, உடனே தண்ணீருக்குள் போய், இருமிக்கொண்டே எழுந்தாள். மறுபடி படுத்தாள்.

"நோரா! நெஞ்சு அடிச்சுக்குதா?" என்று கரையிலிருந்து கத்தினார் அனிபால்.

"அடிச்சுக்குது!"

"அப்ப வெளிய வந்துடேன்!"

"வரல! நீ வா!"

"எது வரைக்கும் வரணும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? வாயேன்!"

அனிபால் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார். ஒரு செருப்பைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றுவதற்குள் அலை வந்து கழற்றியதை எடுத்துக்கொண்டு போனது. அதைப் பிடிக்கத்தான் முழங்கால் வரை இறங்கினார். செருப்பு இன்னும் தள்ளிப் போனது. இரண்டு பெண்களும் சிரிப்பது கேட்டது. போனால் போகிறது என்று அதை விட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு, தண்ணீரைக் கைகளால் விலக்கிக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தார்.