முன்னால் வரும் சின்னச் சொல்

மேரிசுகந்தி இங்கிலீசு படிக்கப் போனது ஒரு திறப்பால்.

யாழ்ப்பாணத்துக் கடலில் இருக்கிற எழுவைதீவில் மின்சாரம் எடுக்கிற நிலையத்தில் அவளுக்குக் கூட்டித் துடைக்கிற வேலை. அங்குள்ள காற்றாடிகளையும் சூரியத் தகடுகளையும் பார்க்க இடைக்கிடை வெளியாட்கள் படகேறி வருவார்கள். ஒருநாள் அப்படி வந்த வெள்ளைக்காரர் ஒருவர் களஞ்சிய அறைக்கு முன்னால் நின்று அவளிடம் ஏதோ கேட்டார். "கீ" என்பது மட்டும் காதில் விழுந்தது; அறையின் பூட்டைத் திறக்கிற திறப்பைக் கேட்கிறார். அது ஒபிஸ் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கதவுக்கு இங்கிலீசில் என்னவென்று அவளுக்குத் தெரியும், திறப்புக்கும் தெரியும். இரண்டையும் சேர்க்கிற அந்தப் 'பின்னால்' தான் வாயில் வரவில்லை. அவள் விழித்துக்கொண்டு நிற்க, அந்த மனிதர் காது கேளாதவளுக்குக் காட்டுவதுபோல் திறப்பைத் திருகுகிற மாதிரி விரலால் செய்து காட்டினார். நல்ல மனிசன்தான். ஆனாலும் நாற்பத்தொரு வயதில் இப்படி ஊமையாக நின்றதை நினைக்க அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வேலணையில் இருந்து வந்த வினோஜா ரீச்சர் கிழமை நாட்களில் தீவிலேயே தங்குவார். வயது இருபத்தேழு. வெள்ளி பின்னேரங்களில் பெண்களுக்கென்று ஒரு வகுப்பு நடத்தினார். பதினொரு பேரோடு தொடங்கி நாலு பேராக ஒடுங்கிப்போன வகுப்பு. அந்த நாலில் சுகந்தியும் ஒருத்தி.

"மீனோட இங்கிலீசில கதைக்கப் போறீரோ?" என்று அவளுடைய புருசன் சுபேசன் கிழிந்த வலையைப் பொத்தியபடி கேட்டான்.

"மீனுக்குத் தமிழ் விளங்குமெண்டால் நீங்கள் ஏன் வெறுங்கையோட வாறீங்கள்?" என்று சொல்லிவிட்டுக் கொப்பியை எடுத்துக்கொண்டு போனாள்.

பெயர்ச்சொற்களும் வினைச்சொற்களும் அவளுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. மேசை, கதிரை, படகு, கடல். இரு, போ, வா, நில். பாடமாக்கினால் நின்றன. அவற்றைக் கோக்கிற சின்னச் சொற்கள்தான் நழுவின. மூன்றாம் மாதம் ஒருநாள் அவள் எழும்பிக் கேட்டாள்.

"ரீச்சர், எங்கட பாசையில இந்தச் சொல்லு பேருக்குப் பின்னால எல்லோ ஒட்டுது? வீட்டில, வீட்டுக்கு, வீட்டில இருந்து. இவங்கள் ஏன் முன்னால கொண்டுபோய் வைக்கிறாங்கள்?"

வினோஜா ரீச்சர் சோக்கைக் கீழே வைத்தார். "இந்தக் கேள்வியை ஒருத்தரும் என்னட்டைக் கேட்டதில்லை அக்கா. ஓம், அவங்களுக்கு அது முன்னால வரவேணும். எங்கட பழக்கத்தில பின்னால போட்டீங்களெண்டால், அது அடுத்து வாற பேரோட போய் ஒட்டிக்கொண்டிடும். பிறகு அர்த்தம் தலைகீழாப் போயிடும்."

அடுத்த கிழமை, ஒரே வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் வேறு வேறு சின்னச் சொல் நின்றால் என்ன நடக்கும் என்று படிப்பித்தார். லுக் அட் என்றால் பார். லுக் ஃபோர் என்றால் தேடு. லுக் ஆஃப்டர் என்றால் கவனமாகப் பார்த்துக்கொள். சுகந்திக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. நிலையத்துச் சீமெந்துத் தரையைக் கூட்டும்போது தும்புத்தடியின் இழுப்புக்கு ஒன்றாக வாய்க்குள் சொல்லுவாள்: ஐ லுக் அட் த சீ. ஐ லுக் ஃபோர் த கீ. ஐ லுக் ஆஃப்டர் மை சில்ரன். கேட்டுப் பெருமைப்பட ஒருவரும் பக்கத்தில் இல்லை. அவளுக்கு அவளே கேட்டுக்கொண்டாள்.

தை மாதத்து ஞாயிறு ஒன்று. வாடைக்காற்று பேய்த்தனமாக வீசியது. வேறு ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. முதல்நாள் போட்ட வலையை எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம் என்று சுபேசனும் அவனோடு தொழில் செய்கிற சுலக்சனும் விடிய முதல் போயிருந்தார்கள். எட்டு மணிபோல் சுகந்தியின் போன் அடித்தது.

"இஞ்சாரும், எஞ்சின் நிண்டு போச்சு," என்றான் சுபேசன். காற்றின் இரைச்சலில் குரல் வந்து வந்து போனது. "நங்கூரக் கயிறும் அறுந்திட்டுது. எழுவைதீவில இருந்து மேற்கால போய்க்கொண்டிருக்கிறம். அஞ்சு மைல் இருக்கும். போட்டுக்குள்ள தண்ணி வருது. சின்னக்குட்டி அண்ணையிட்டைச் சொல்லும்."

அவள் கடற்கரைக்கு ஓடினாள். சின்னக்குட்டி கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். அவர் அனுப்பிய இரண்டு படகுகளும் முனை தாண்ட ஏலாமல், அலை அடித்துத் திருப்பிவிடத் திரும்பி வந்தன. பயணிகள் படகு ஊர்காவற்றுறைக்குப் போய்விட்டது. கடலில் ஆபத்தென்றால் கடற்படைக்கு எடுக்கிற இலக்கம் ஒன்று சங்கத்துக் கொப்பியில் இருந்தது. சின்னக்குட்டி அதற்கு எடுத்தார். மறுமுனையில் பேசியவர் சிங்களவர், தமிழ் தெரியவில்லை. வழக்கமாகத் தமிழில் பேசுகிறவர் அன்று இல்லைப்போலும். தீவில் சிங்களம் தெரிந்த ஜெகதீஸ் யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தான். வினோஜா ரீச்சர் சனி ஞாயிறுக்கு வேலணைக்குப் போய்விட்டார்.

"இங்கிலீசு, இங்கிலீசு எண்டுறான்," என்று போனைக் கையால் பொத்திக்கொண்டு சின்னக்குட்டி சுற்றிவரப் பார்த்தார். கரையில் முப்பது பேர் நின்றார்கள். பேசுகிற அளவுக்கு ஒருவருக்கும் இங்கிலீசு வராது.

"இஞ்சை தாங்கோ அண்ணை," என்று சுகந்தி கையை நீட்டினாள்.

சுபேசன் சொன்னது சொன்னபடியே தலைக்குள் நின்றது: எழுவைதீவில இருந்து மேற்கால. அதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றினாள். "சேர், போட் எழுவைதீவு ஃப்ரம் வெஸ்ட் கோயிங்."

"ஃப்ரம் வெஸ்ட்?" என்றார் அவர். "இந்தியன் போட்?"

"நோ சேர், போட் எழுவைதீவு ஃப்ரம் வெஸ்ட்..."

"ஓகே, ஓகே. இந்தியன் போட், ஃப்ரம் த வெஸ்ட்." அவர் எழுதிக்கொள்கிறார் என்பது குரலின் இழுவையிலேயே தெரிந்தது. மேற்கில் இருந்து அயல்நாட்டுப் படகு ஒன்று அத்துமீறி மீன்பிடிக்க வருகிறது என்று முறையிட யாரோ எடுத்திருக்கிறார்கள், அவருக்கு அவ்வளவுதான். நன்றி சொல்லி வைக்கப் போனார்.

சுகந்திக்குப் பிழை எங்கே என்று பட்டென்று பிடிபட்டது. எழுவைதீவுக்குப் பின்னால் போட்ட 'ஃப்ரம்' போய் வெஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"சேர், வெயிட்," என்றாள். ஒரு மூச்சு எடுத்தாள். தமிழை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, சின்னச் சொல்லை முன்னால் வைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"த போட் இஸ் ஃப்ரம் எழுவைதீவு. இட் இஸ் கோயிங் டு த வெஸ்ட். மை ஹஸ்பண்ட் இஸ் இன் த போட். டூ மென் ஆர் இன் த போட். த எஞ்சின் இஸ் நொட் வேர்க்கிங். வோட்டர் இஸ் கமிங் இன்டு த போட்."

மறுமுனையில் அந்தக் குரல் நிமிர்ந்தது. எவ்வளவு தூரம், எப்போது எஞ்சின் நின்றது, படகு என்ன நிறம் என்று கேள்விகள் வந்தன. அவள் தன் போனில் இடது காதில் சுபேசனையும், சின்னக்குட்டியின் போனில் வலது காதில் அவரையும் வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். ஃபைவ் மைல்ஸ் ஃப்ரம் எழுவைதீவு. அட் ஏய்ட் ஓ குளொக். நிறத்துக்கு மட்டும் சின்னச் சொல் தேவைப்படவில்லை. புளூ.

"ஓகே மடம். வீ வில் லுக் ஃபோர் தெம்," என்றார் அவர்.

பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டு நின்ற சின்னக்குட்டிக்கு முகம் கறுத்தது. "லுக் எண்டால் பாக்கிறதெல்லோ பிள்ளை? பாப்பம் எண்டு சொல்லிக் கை கழுவுறானோ?"

"இல்லை அண்ணை. லுக் ஃபோர் எண்டு சொன்னவர். அப்பிடியெண்டால் தேடுறது. போய்த் தேடுவினம்."

அவள் அதைச் சொன்ன நிச்சயத்தில் கரையில் நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். அவள் மணலில் குந்தினாள். சுபேசனின் போன் சார்ஜ் இறங்கி நின்றுபோயிற்று. பெண்கள் செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். அவள் சொல்லவில்லை. தான் சொன்ன வசனங்களை ஒன்றுவிடாமல் மனதுக்குள் திருப்பி அடுக்கி, எங்கேயாவது பிழை இருக்கிறதா என்று பார்த்தபடி இருந்தாள். ஒன்றிலும் இல்லை.

பதினொரு மணி கழிய, சாம்பல் நிறப் படகொன்று நீலப்படகைக் கட்டி இழுத்துக்கொண்டு துறைக்கு வந்தது. சுபேசனும் சுலக்சனும் தோய்ந்து விறைத்துப்போய், ஆனால் முழுசாக, அதில் இருந்தார்கள். சுபேசன் இறங்கியதும் அவளுடைய கையைப் பிடித்தான். ஊர் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்ற எண்ணம் இரண்டு பேருக்கும் வரவில்லை.

கூட வந்த அதிகாரி ஒருவர் துறையில் நின்றவர்களிடம் இங்கிலீசில் ஏதோ கேட்டார். "ரீச்சர்" என்ற சொல் எல்லாருக்கும் கேட்டது. போனில் பேசிய ரீச்சர் யார் என்று கேட்கிறார் என விளங்கிக்கொண்டு முப்பது கைகளும் சுகந்தியைக் காட்டின.

அவள் சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு முன்னால் வந்தாள். "ஐ ஆம் நொட் எ ரீச்சர், சேர்," என்றாள். "ஐ வேர்க் அட் த பவர் ஸ்டேஷன். ஐ கிளீன் த ஃப்ளோர்."

அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலையைத் தாழ்த்தினார். "வெரி குட் இங்கிலிஷ், மடம்," என்றார்.

சின்னக்குட்டி அதற்குத் தமிழில் என்னவென்று கேட்கவில்லை. அவருக்கே விளங்கிவிட்டது.

அடுத்த நாள் கடற்கரையில் எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு சுபேசன் கதை சொல்லிக்கொண்டிருந்தான். சுகந்தி தேத்தண்ணி கொண்டுபோனபோது கதை பாதியில் நின்றது.

"ஒரு மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் நிப்பாட்டாமல் கதைச்சவள்," என்றான் அவன், கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம். "அந்த ஒபிசருக்கே இங்கிலீசு தட்டுப்பாடாப் போச்சு."

உண்மையில் அவள் பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். அவள் தேத்தண்ணியை அவன் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபடி வேலைக்கு நடந்தாள்.