ஜூலை மாசத்துப் போட்டோ

புவனா மிஸ்ஸுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. டிபன் டப்பாவைத் திறந்து, இட்லியைப் பார்த்து, மறுபடி மூடி வைத்தாள். பின்னே என்ன? மத்தியானம் கமிட்டி வருகிறது. அது பார்க்கப்போகிற ஃபைலில் ஜூலையிலிருந்து டிசம்பர் வரைக்கும் ஒரு போட்டோகூட இல்லை.

கணபதி ஏரியாவில் லேத் பட்டறைகளுக்கு நடுவில் இருக்கும் அந்த ஸ்கூலில் இந்த வருஷம் புதுச் சட்டம். ஒவ்வொரு டீச்சரும் வருஷம் பூரா என்ன கிழித்தார்கள் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். மாதத்துக்கு ஒரு போட்டோ, கீழே நாலு வரி விளக்கம். ஃபைல் தேறினால் ஜூனில் வேலை உண்டு. தேறாவிட்டால், "நன்றிங்க மேடம், போயிட்டு வாங்க." அவ்வளவுதான்.

புவனா பாடம் நடத்துவாளா, போனைத் தூக்கிக்கொண்டு திரிவாளா? எழுத்துக் கூட்டத் தெரியாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்தவள் லோகப்பிரியா. அவளைத் தினமும் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, பிஸ்கட் கவர், காலண்டர் தாள் என்று கையில் சிக்கியதையெல்லாம் படிக்க வைத்து, படிப்பை வரவழைத்தாள். அதை யார் போட்டோ எடுத்தார்கள்? வாயில் சோற்றோடு இருக்கிற பிள்ளையைப் போட்டோவா எடுப்பார்கள்?

"ஏனுங்க மேடம், இதுக்குப் போயி இப்படிப் பதறறீங்க?" என்றார் கோஆர்டினேட்டர் மோகன்குமார். அவருக்கென்ன, அவர் ஃபைல் தீபாவளிக்கே ரெடி. "எல்லா மாசத்தையும் இப்பவே எடுத்துப்போடுங்க. போர்டுல தேதிய மட்டும் மாத்தி மாத்தி எழுதுங்க. எல்லாரும் அப்படித்தானுங்க செஞ்சாங்க."

சீ என்றிருந்தது புவனாவுக்கு. அடுத்த நிமிஷமே ஜூன் மாசம் கண்முன்னால் வந்து நின்றது. சாக்பீஸை எடுத்தாள்.

சுவரில் ஒட்டியிருந்த பொங்கல் கரும்புப் படத்தைக் கழற்றினாள். பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டாள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். "இப்ப எந்த மாசமுங்க மிஸ்?" என்று கேட்டுக் கேட்டு இடம் மாறினார்கள். எல்லாம் சரியாக வந்ததென்று போனைத் தூக்கிப் பார்த்தால், முன் பெஞ்சில் ஒரு மொட்டைத் தலை பளபளக்கிறது. லோகப்பிரியா! தைப்பூசத்துக்கு வீட்டாரோடு பழனிக்கு நடந்து போய் முடி கொடுத்துவிட்டு, போன வாரம்தான் வந்திருந்தாள்.

அட முருகா! கரும்பைக் கழற்றலாம், பெஞ்சை மாற்றலாம், தலையை என்ன செய்வது? ஜூலையிலும் மொட்டை, டிசம்பரிலும் அதே மொட்டை என்றால் எந்தக் கமிட்டி நம்பும்?

"கண்ணு, நீ கொஞ்ச நேரம் வெளிய நில்லு."

"ஏனுங்க மிஸ்?"

"மொட்டை போட்டோவுல வேண்டாம் அம்மணி. இதா, முடிஞ்சதும் கூப்பிடறேன்."

லோகப்பிரியா தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். எழுந்து வெளியே போனாள். உள்ளே ஜூலை போய் ஆகஸ்ட் வந்தது, டிசம்பரும் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவள் அத்தனை மாதமும் வெளியேதான் நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் மிஸ் மேஜைப் பக்கம் வந்து உட்காரவும் இல்லை. அதைக் கவனிக்கப் புவனா அங்கே இருந்தால்தானே? அவள் பிரிண்ட் கடைக்கு ஓடியிருந்தாள்.

கமிட்டியிலிருந்து வந்தவர் அம்புஜம் மேடம், ரிட்டயரான தலைமையாசிரியை. வகுப்பிலேயே உட்கார்ந்து ஃபைலைப் புரட்டினார். கூடவே மோகன்குமார்.

"போட்டோவுக்கு எல்லாப் பிள்ளையும் சிரிக்கும்மா," என்றார் மேடம். "ஜூன்ல படிக்கத் தெரியாம இருந்து, இப்பப் படிக்கிற பிள்ளை ஒண்ணைக் கூப்பிடு பார்க்கலாம்."

புவனாவுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இந்தப் பரீட்சைக்கு அந்தப் பிள்ளையை யாரும் தயார் செய்ய வேண்டியதில்லை. "லோகப்பிரியா, வா கண்ணு!"

பாடப் புத்தகம் மனப்பாடமாக இருக்கும் என்று மேடம் அதைத் தொடவில்லை. கையிலிருந்த ஃபைலையே திருப்பி நீட்டினார்.

லோகப்பிரியா விரலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "ஜூலை மாதம். வாசிப்பு நேரம். எல்லாக் குழந்தைகளும் ஆ... ஆர்வ... ஆர்வமுடன் கலந்துகொண்டனர்."

புவனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு எழுத்து பிசகவில்லையே, என் தங்கம்!

ஆனால் விரல் நிற்கவில்லை. போட்டோவுக்குப் போய், ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டே கடைசி பெஞ்சு வரை போனது.

"எல்லாக் குழந்தைகளும்னு போட்டிருக்குதுங்க மிஸ். நான் இல்லீங்களே?"

மோகன்குமார் பாய்ந்து வந்தார். "அன்னிக்கு நீ லீவு போட்டிருப்ப கண்ணு. ஏனுங்க புவனா மேடம், அப்படித்தானுங்களே?"

லோகப்பிரியா அவரைப் பார்க்கவில்லை. மிஸ் என்ன சொல்வாள் என்று மிஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தலையாட்டல் போதும், ஜூன் பிழைத்துவிடும். காலையில் வெளியே நின்ற பிள்ளையும் அதையே நம்பிவிடும். மிஸ் சொன்னதையெல்லாம் நம்பித்தானே படித்தாள்!

"லீவு இல்லீங்க," என்றாள் புவனா. "இதெல்லாம் இன்னிக்குக் காலைல எடுத்ததுங்க மேடம். மொட்டை தெரிஞ்சா மாட்டிக்குவோம்னு இவள நாந்தான் வெளிய நிறுத்துனேன்."

மோகன்குமார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அம்புஜம் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபைலை மூடப் போனார். மூட முடியவில்லை. லோகப்பிரியாவின் விரல் இன்னும் உள்ளேயே இருந்தது.

"அடுத்த மாசமும் படிக்கட்டுங்களா மிஸ்?"

"படி கண்ணு," என்றாள் புவனா.

லோகப்பிரியா ஆகஸ்டைத் திருப்பினாள்.