லேபிள் இல்லாத டிரம்

கழிவுப் பஞ்சு காஸ்டிக் சோடாவில் ஊறிக் குழைந்த சோறு மாதிரி கிடந்தது. சாமியம்மாள் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, தொட்டி ஓரம் நின்று கட்டையால் கிண்டினாள். இனி, 'கற்கண்டு' என்று அவர்கள் சொல்லும் டிரம் மருந்தின் கரைசலை ஊற்றினால் பஞ்சு பஞ்சாக இருக்காது. காயவைத்து அரைத்தால் மாவு. தண்ணீர் பட்டால் கொழகொழவென்று பசை. நெய்வேலி மைன்ஸில் போர் போடும்போது குழி சரியாமலிருக்க அதைச் சேற்றில் கலந்து விடுவார்கள். வடலூர் ரோட்டிலிருந்த அந்தத் தகரக் கொட்டகையின் பிழைப்பே அதுதான்.

அவள் புருஷன் கொளஞ்சியப்பன் மேடையிலிருந்து வாளியைச் சாய்த்தபோது கைப்பிடி கழன்றுவிட்டது. கரைசல் முழுக்க அவள் தொடையில் கொட்டியது.

"ஐயையோ! எரியுதா புள்ள?"

"பெருசா ஒண்ணுமில்ல. பதறாத இரு."

காஸ்டிக் தெறித்தால் மோர் ஊற்றுவார்கள். அங்கே தெரிந்த ஒரே வைத்தியம் அது. இதற்கும் ஒரு செம்பு மோரை ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு வேலையைத் தொடர்ந்தாள், பாவி மகள்.

பதினோரு மணிக்கு வாந்தி எடுத்தாள். பிறகு கொளஞ்சியப்பனையே வெறித்துப் பார்த்து, "யாரு நீ? எங்க வூட்டுக்காரரக் கூப்புடு" என்றாள். அவன் அவளை லோடு லாரியில் தூக்கிப்போட்டுக்கொண்டு வடலூர் கிளினிக்குக்கு ஓடினான்.

டாக்டர் விஜயகுமாரி சேலையைக் களையச் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "மேல என்ன கொட்டுச்சு?"

"கற்கண்டுங்கம்மா. பாக்க அப்பிடித்தான் இருக்கும்."

"அது நீங்க வச்ச பேரு. டிரம்ல என்ன எழுதியிருக்கு? பேரு தெரிஞ்சா பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டு என்ன செய்யலாம்னு கேப்பேன். ஓடுங்க!"

யாருடைய சைக்கிளையோ வாங்கி மிதித்தான். கொட்டகையில் எல்லா டிரம்மிலும் லேபிள் சுரண்டப்பட்டிருந்தது.

"மொதலாளிதான் சுரண்டச் சொன்னாரு" என்றார் சூப்பர்வைசர் சோமசுந்தரம். "எவனாவது பாத்துட்டுப் போய் இதே தொழில் ஆரம்பிச்சுட்டா?"

"பேர மட்டும் சொல்லுங்க சார். கால்ல வுழறேன்."

"எனக்கே தெரியாதுய்யா. அவரு மெட்ராஸ் போயிருக்காரு. நாளைக்கு வருவாரு."

நாளைக்கு! கொளஞ்சியப்பன் கற்கண்டு டிரம்மைத் திறந்து இரண்டு கையாலும் அள்ளினான். துண்டில் முடிந்தான். வழியில் சிந்திவிடக் கூடாதே என்று சட்டைக்குள், வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதித்தான். மே மாத வெயிலில் வேர்வை ஆறாக ஓடியது.

கிளினிக்கில் சாமியம்மாளின் கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. நர்ஸ் அவள் தொடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பேரு கெடைக்கலீங்கம்மா. சாமானையே கொணாந்துட்டேன். பாத்துச் சொல்லுங்க."

துண்டை அவிழ்த்தான். பாதிக்கு மேல் கரைந்து போயிருந்தது. அவள் தொடையைப் போலவே அவன் உள்ளங்கைகளும் வயிறும் வெந்து வெளுத்திருந்ததைப் பார்த்த டாக்டர், "குடத்த இங்க கொண்டா!" என்று அலறினாள்.

நர்ஸ் குடத்தோடு திரும்பினாள். கொளஞ்சியப்பன் அந்த வெளுத்த கைகளாலேயே குடத்தை மறித்துப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு எதுக்கும்மா? அவளுக்கு ஊத்துங்க."