மூன்று நாள் பூட்டிய கடை

பதுளை பஸார் வீதியில் மசாலாக் கடை வைத்திருக்கும் முன்ஸிப், தினமும் கடை திறக்குமுன் தன் இணையத்தளத்தில் நாலு வரி எழுதிப் போடுவார். நமுனுகுலையில் மழை, லுணுகலை பஸ் பிந்தியது, ஏலக்காய் வந்திருக்கிறது. இதையெல்லாம் வாசிக்க யாருக்குத் தலையெழுத்து? ஆனால் ஒருத்தி வாசித்தாள். தளத்துக்கு வருகிறவர்களின் இணைய எண்கள் விழும் வருகைப் பதிவில் மெல்பர்ன் எண் ஒன்று நாள் தவறாமல் விழும். அந்த ஊரில் அவருக்கு இருப்பது மகள் றுமைஸா மட்டும்தான். அவள் விரும்பி முடித்த கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. நாலு வருடமாகப் பேச்சில்லை. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில், அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தேநீர் இறங்கும்.

ஒருநாள் தளத்துக்கு மேலே ‘பாதுகாப்பற்றது’ என்று விழுந்தது. மகள் பயந்து வராமல் விட்டால்? வீடியோக்களைப் பார்த்து, வருகிறவர்களை முன்னால் நின்று ஏற்று உள்ளே அனுப்பும் ரிவர்ஸ் புரொக்ஸி ஒன்றை வைத்தார். பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழையும் அதிலேயே மாட்டினார். உள்ளே அனுப்பும் வாசலான போர்ட்டின் எண்ணில் ஓர் இலக்கத்தைப் பிழையாக அடித்துவிட்டு, தளம் திறக்கவில்லையே என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கடையையே பூட்டிவிட்டு உட்கார்ந்தார். வேலை நாளில் பூட்டிய கடைக்கு அந்த வீதியில் ஒரே அர்த்தம், வீட்டில் சாவு. பக்கத்துக் கடை ஸனூஸ் ஓடி வந்தார்.

“என்ன நானா, கடைய ஏன் பூட்டினீங்க? வீட்டில மவுத் ஏதுமா?”

“மவுத்தாக வீட்டில யாரு இருக்கா? நான்தான் இருக்கேன், போங்க.”

அன்று மாலை பிழை பிடிபட்டது. பூட்டுச் சின்னமும் வந்தது. ஆனால் பதிவைப் பார்த்தால் வந்தவர் எல்லோருக்கும் ஒரே எண்: 127.0.0.1. அவருடைய சேர்வரின் சொந்த எண். புரொக்ஸி எல்லோரையும் தன் பெயரிலேயே உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. மகள் வருகிறாளா, விட்டுவிட்டாளா? இரண்டு வாரம் தேநீர் ஆறிப்போனது. மனைவி போனபோதுகூட அவர் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவருக்கு, புரொக்ஸி தனக்கென்று ஒரு பதிவு வைத்திருக்கும் என்பது ஏதோ ஒரு பக்கத்தில் கண்ணில் பட்டது. திறந்தார். மெல்பர்ன் எண், தினமும் ஒரு தடவை. அல்ஹம்துலில்லாஹ் என்று பெருமூச்சு விட்டவர், இன்னும் மேலே போனார். தளம் திறக்காத அந்த மூன்று நாட்கள். முதல் நாள் இரண்டு தடவை. அடுத்த நாள் பதினொன்று. மூன்றாம் நாள் நாற்பத்து மூன்று. எல்லாம் திறக்காமல் திரும்பியவை.

பஸார் வீதியில் வளர்ந்த பிள்ளை. பூட்டிய கடைக்கு அவளுக்கும் ஒரே அர்த்தம்தான். போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே என்று முதலில் கோபம் வந்தது. யாருடைய மகள், எப்படிக் கேட்பாள்!

மகளின் போன் எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்தாள். அவர் ஸலாம் சொல்லுமுன் அவள் குரல் உடைந்தது.

“மூணு நாள் கடைய ஏன் பூட்டினீங்க வாப்பா?”