குப்பைப் படம்

எங்கள் வேலையில் தூசிக்கு ஒரே விதிதான். ஒரு பிரேமில் இருந்துவிட்டு அடுத்த பிரேமில் காணாமல் போனால் அது தூசி. அடுத்ததிலும் இருந்தால் பொருள். பழைய படச்சுருள்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, கீறலும் தூசியும் இல்லாமல் துடைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கால்பந்துப் போட்டி, கப்பல் திறப்பு விழா, செத்துப்போன பிரமுகர்களின் பிறந்தநாள் என்று எது வந்தாலும் துடைப்பேன். துடைத்துத் துடைத்துக் கண் இரண்டும் போனதுதான் மிச்சம். ஆபீஸில் எனக்குத் 'துடைப்பம்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், நானும் திரும்பிப் பார்ப்பேன்.

இந்த முறை வந்து இறங்கியவை அணுகுண்டுகள்.

ஒரு அரசாங்கத் துறை முன்னொரு காலத்தில் கடலில் ரகசியமாக வெடித்துப் பார்த்ததையெல்லாம் படமெடுத்து வைத்திருந்தது. இப்போது அது ரகசியம் இல்லையாம், பெருமையாம். கண்காட்சிக் கூடம் கட்டிப் பெரிய திரையில் ஓட்டப்போகிறார்களாம். சீல் வைத்த பெட்டிகளைத் திறந்ததும் வினிகர் நாற்றம் மூக்கைத் துளைத்தது. பழைய சுருள் கெட்டுப்போனால் அந்த நாற்றம்தான் வரும்.

முதல் சுருளை ஓட்டியபோது ஆபீஸே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. கடல் தெரிந்தது. சோதனைக்காக நிறுத்திவைத்த காலிக் கப்பல்கள் தெரிந்தன. பிறகு திரை முழுக்க வெள்ளை. அந்த வெள்ளை வடிந்தபோது கடல் எழுந்து நின்றுகொண்டிருந்தது. படத்தில் சத்தம் கிடையாது. அது அழகாக இருந்தது. இதை மழுப்பிச் சொல்வதில் அர்த்தமில்லை. அவ்வளவு பெரிய, அவ்வளவு மெதுவாக மலர்கிற ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தப் பெரிய கப்பல்கள் அதன் காலடியில் சிதறிய தீக்குச்சிகள் மாதிரி கிடந்தன. பயம் சாயங்காலம்தான் வந்தது. பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

மூன்றாவது வாரத்தில் கொட்டாவி வந்தது. மனுஷ ஜென்மம் எதற்கும் பழகிவிடும்.

"இன்னைக்கு எத்தனை குண்டும்மா?" என்பார் மேனேஜர்.

"ரெண்டு முடிஞ்சுது சார். மூணாவது டீ குடிச்சிட்டு."

வீட்டில் நானும், நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனாரும்தான். என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனபோது தன் அக்காவை என் தலையில் கட்டிவிட்டுப் போனார் என்று நான் சொல்வேன். என்னைத் தன் தலையில் கட்டிவிட்டுப் போனான் தம்பி என்று அண்ணி சொல்வார். இரண்டு பேருக்கும் இதில் விட்டுக்கொடுக்க மனசில்லை.

அண்ணியின் புருஷன் மீன்பிடிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. அப்போது கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆளும் கிடைக்கவில்லை, படகும் கிடைக்கவில்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. ஊர் முதலில் தேடியது, அப்புறம் சிரித்தது. தூரத்துத் துறைமுகத்தில் அவரை ஒரு பெண்ணோடு பார்த்ததாக எவனோ கிளப்பிவிட்டான். அன்றிலிருந்து அவர் ஓடிப்போனவர். அண்ணியும் அழுது தீர்த்துவிட்டு அதையே பிடித்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் டீ டம்ளரைக் கையில் எடுத்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"இந்நேரம் எவ வீட்ல உக்காந்து டீ குடிக்கறானோ, படுபாவி!"

அதைவிடப் பெரிய ஆத்திரம் போர்வையைப் பற்றியது. படகின் பாய் ஒரு மூலையில் கிழிந்துபோக, புதுத் துணி வாங்க வக்கில்லாமல், அண்ணி தன் கெட்டிப் போர்வையைச் சதுரமாக வெட்டி ஒட்டுப் போட்டுக் கொடுத்திருந்தார். கறுப்புப் போர்வை, நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டை. வெளுத்த பாயில் அது பளிச்சென்று தெரியுமாம். கரையில் எல்லோரும் கேலி செய்வார்களாம்.

"ஓடறவன் ஓடட்டும். என் போர்வையை அவுத்து வெச்சிட்டு ஓடக்கூடாதா? நாலு நாள் குளிர்ல நடுங்கினேன்டி!"

இந்தப் புலம்பலில் கடைசியாக ஒரு இடி வரும். அது எனக்கு மனப்பாடம்.

"அன்னைக்கு ஒரு பொட்டு மேகம் இல்ல. திடீர்னு அப்படி ஒரு இடி. மழை வருதுன்னு கொடியில கெடந்த துணியெல்லாம் வாரிக்கிட்டு உள்ள ஓடினேன். அவன் பண்ணின காரியம் வானத்துக்கே பொறுக்கல."

எத்தனையோ வருஷமாக இதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். ஆபீஸில் குண்டு குண்டாகத் துடைத்துவிட்டு வந்து, அதே டீயைக் குடித்துக்கொண்டு அதே இடியைக் கேட்டிருக்கிறேன். என் மரமண்டைக்கு எதுவும் உறைக்கவில்லை.

அன்று எடுத்த சுருள் ஒரு மலைமேலிருந்து எடுத்தது. சில விநாடிக்கு ஒருமுறை ஒரே ஒரு பிரேம் எடுக்கிற கேமரா. படத்தின் தொடக்கத்தில் ஒரு அட்டை: 'கடற்பகுதி முழுவதும் முன்கூட்டியே காலி செய்யப்பட்டது.' எனக்கு முதுகு வலி. ஒவ்வொரு பிரேமாகப் பார்க்கத் தெம்பில்லை. தானாகத் துடைக்கிற மெஷினை முழு வேகத்துக்குத் திருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மெஷின் துடைத்த பிறகு ஒரு சோதனை உண்டு. துடைத்ததை மட்டும் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். திரை முழுக்க இருட்டு, அதில் அகற்றிய தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகக் கண்டபடி மினுக்கும். அதற்கு எங்கள் ஆபீஸில் குப்பைப் படம் என்று பெயர். ஒரு புள்ளி இங்கே வரும், அடுத்தது எங்கேயோ வரும். தூசிக்கு வழி தெரியாது, அதனால் பார்க்க ஒன்றும் இருக்காது.

அந்தக் குப்பைப் படத்தில் ஒரு புள்ளி நடந்தது.

வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாக, அவசரமில்லாமல், நேர்க்கோட்டில் போனது. மற்ற புள்ளிகள் துள்ளிக்கொண்டிருக்க, இது மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கேமரா விட்டு விட்டு எடுத்ததால் பிரேமுக்குப் பிரேம் அது இடம் மாறியிருக்கிறது. முந்தின இடத்தில் இல்லையே என்று மெஷின் ஒவ்வொரு முறையும் அதைத் தூசிக் கணக்கில் துடைத்திருக்கிறது. நான் துடைக்காத சுருளுக்குத் திரும்பிப் போய்ப் பெரிதாக்கினேன். ஒரு படகு. ஒரு பாய். பாயின் மூலையில் கறுப்பாக ஏதோ.

ஒவ்வொரு பிரேமாக முன்னே நகர்த்தினேன். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. திரை வெள்ளையாகிற பிரேமுக்கு முந்தினதில், தொடுவானத்தில் ஒரு ஊசிமுனை வெளிச்சம் கிளம்பியிருந்தது. அந்த வெளிச்சம் பாயில் அடித்து, கறுப்புச் சதுரத்தின் நடுவே குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டையைக் காட்டியது. அடுத்த பிரேம் வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. அப்புறம் கடல் எழுந்து நின்றது. படகு இருந்த இடத்தில் கடல்தான் இருந்தது.

போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வந்து, பின்னால் வருகிற பிரேம்களை எல்லாம் தேடினேன், பைத்தியக்காரி மாதிரி. தூசிதான் இருந்தது.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"காலி பண்ணிட்டதா அட்டை போட்டிருக்கேம்மா."

"போட்டிருக்கு சார்."

"அப்ப அது தூசிதான்." சொல்லிவிட்டு அவருக்கே சகிக்கவில்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "திங்கக்கிழமை பெட்டியெல்லாம் திரும்பப் போயிடும். நம்ம மெஷின்ல இருக்கறதையும் அழிச்சிடணும். அதான் பேச்சு. நீங்க என்ன பண்றீங்களோ பண்ணுங்க. நான் எதையும் பாக்கல."

அன்று சாயங்காலம் அண்ணி வழக்கம்போல டம்ளரை எடுத்தார். "எவ வீட்ல உக்காந்து..." என்று ஆரம்பித்ததும் என் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஓடிப்போனவன் என்றால் எங்கேயோ இருக்கிறான் என்று அர்த்தம். இத்தனை வருஷமும் அண்ணி உயிரோடிருக்கிற ஒரு ஆளைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார். அதைப் பிடுங்க நான் யார்? ஆனால் தன்னை வேண்டாமென்று ஒருவன் விட்டுவிட்டுப் போனான் என்றே நினைத்துக்கொண்டு இந்த மனுஷி சாகவேண்டுமா? திங்கட்கிழமைக்கு அப்புறம் காட்டலாம் என்றால் காட்ட ஒன்றும் இருக்காது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை அரை நாள்தான் ஆபீஸ். எல்லோரும் கிளம்பிய பிறகு, மத்தியானம் அண்ணியை அழைத்துப் போனேன். அண்ணி தலையை அழுந்த வாரிக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். என் மேஜையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தப் பொட்டிக்கா உன் கண்ணை அடமானம் வெச்சே?"

"உக்காருங்க அண்ணி. ஒரு படம் போடறேன். அதுல ஒரு படகு வரும். நீங்க பாத்துச் சொல்லணும்."

துடைக்காத சுருளைப் பெரிதாக்கி ஓட்டினேன். அண்ணி முதலில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அப்புறம் நிமிர்ந்தார். அந்த ஊசிமுனை வெளிச்சம் வந்த பிரேமில் நிறுத்தினேன்.

"என் போர்வை," என்றார் அண்ணி.

திரைக்கு அருகே குனிந்து, "இடப்பக்கம்தானே எங்க ஊர்க் கரை? அவரு வீட்டுக்குத் திரும்பி வர்ற பக்கம்தானே இது?" என்றார். இத்தனை வருஷத்தில் அண்ணி வாயில் 'அவரு' என்று நான் கேட்டதே இல்லை.

"வேணாம்னா இதோட நிறுத்திடறேன் அண்ணி."

"ஓட்டு."

ஓட்டினேன். வெள்ளை வந்தது. அண்ணியின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. கடல் எழுந்தது, மேலே போய்த் தலை விரித்தது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாடி, என்ன அழகா இருக்கு," என்றார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்து, "இதுதானா அந்த இடி? நான் துணியை எடுத்துட்டு உள்ள ஓடினேனேடி. துணி நனைஞ்சிடும்னு ஓடினேனே," என்று சத்தம் வந்தது.

நான் அழுதேன். நிறுத்தவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நுரையும் ஆவியும் கடல்மேல் பரவின.

"நிறுத்து!" அண்ணி திரையில் விரலை வைத்தார். "அங்க பாரு. அதோ."

இடது ஓரத்தில், புகை தொடாத தண்ணீரில், ஒரு வெள்ளைப் புள்ளி.

"வெளிய வந்துட்டான்டி! தாண்டிட்டான் பாரு!"

அந்தப் புள்ளி எனக்குத் தெரியும். தேடின அன்றைக்கே பார்த்தாயிற்று. பாயும் இல்லை, வடிவமும் இல்லை, ஓரத்தில் நூல்போல ஒரு இழை. அடுத்த பிரேமில் அது கிடையாது. என் விரல் அடுத்த பிரேமுக்கான பட்டன்மேல் இருந்தது. தட்டினால் விதி தன் வேலையைச் செய்துவிடும்.

அண்ணி திரையை விட்டு என்னைப் பார்த்தார்.

"அது படகுதானே? உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். நீ சொல்லு."

விரலை எடுத்துவிட்டேன். "படகுதான் அண்ணி."

அண்ணி மூக்கை உறிஞ்சினார். முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டார்.

"இவ்வளவுலேர்ந்து பொழைச்சவன் நேரா வீட்டுக்குத்தானே வரணும்? ஓடிட்டான் பாரு. போர்வையோட ஓடிட்டான், படுபாவி!"

பஸ்ஸில் வழி நெடுக அவரைத் திட்டித் தீர்த்தார். எதிர் சீட்டுக்காரர் ஒருவர் என்ன குடும்பச் சண்டையோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். என் மணிக்கட்டை மட்டும் அண்ணி இறங்கும்வரை விடவில்லை. அவர் நிஜமாகவே நம்பினாரா என்று நான் கேட்கவில்லை. இனிமேலும் கேட்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்குப் போய் அந்தச் சுருளை முதலிலிருந்து கையாலேயே துடைத்தேன், மெஷினைத் தொடவில்லை. கண் எரிந்தது, கழுத்து மரத்துப்போனது. மெஷின் அழித்த படகை இந்த முறை ஒவ்வொரு பிரேமிலும் அப்படியே விட்டேன். மற்ற தூசியில் ஒரு பொட்டு விடாமல் துடைத்தேன்.

திங்கட்கிழமை, பெட்டியை மூடும் முன்பு மேனேஜர் என் பக்கத்தில் உட்கார்ந்து படத்தை ஓட்டிப் பார்த்தார். படகு வந்தபோது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அது முடிந்த பிறகுதான் திரும்பினார். கிட்டத்தட்டக் கடைசியில் படத்தை நிறுத்தி, இடது ஓரத்தில் பேனா முனையை வைத்தார். ஒரு பிரேம் முன்னே போனார், ஒரு பிரேம் பின்னே வந்தார்.

"துடைப்பம், உங்களுக்கு வயசாயிடுச்சு. இது ஒண்ணு விட்டுப்போச்சு பாருங்க. அடுத்த பிரேம்ல இல்ல. தூசிதானே?"

"இல்ல சார்," என்றேன். "அது எங்க அண்ணி வீட்டுக்காரர். விட்டுடுங்க, போகட்டும்."